முழு டிக்கெட்

பாப்பாவின் அப்பாவுக்கு,

இங்கே இருவரும் சுகம். உங்கள் சுகத்தை விசாரிக்கும் உரிமை தீர்ப்போடு போய்விட்டது. இருந்தாலும் கடிதம் என்று உட்கார்ந்தால் கேட்காமல் இருக்க வரவில்லை, கேட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். போனில் சொல்லியிருக்கலாம். என் போன் பாதி நேரம் உங்கள் மகள் கையில்தான் இருக்கிறது.

கண்ணாடிக் கடை வேலை பரவாயில்லை. கண் பரிசோதனைக்குப் புது மெஷின் வந்திருக்கிறது, அதைத் தொட முதலாளி என்னை மட்டும்தான் விடுகிறார். போன செவ்வாய்க்கிழமை உங்கள் தங்கை கண்ணாடி மாற்ற வந்தாள். சுவரில் இருந்த எழுத்துகளைப் படித்துக்கொண்டே, பாப்பாவுக்கு ஸ்பெஷல் கிளாஸ் முடிஞ்சுதா அண்ணி, லீவுக்குக்கூட வரலைன்னு அண்ணன் ரொம்ப வருத்தப்பட்டாரு என்றாள். அதற்குப் பிறகு அவளுக்கு எந்த லென்ஸைப் போட்டுப் பார்த்தேன் என்றே தெரியவில்லை. ஸ்பெஷல் கிளாஸ் என்று ஒன்று நடக்கவே இல்லை. நீங்கள் வேலை விஷயமாக வெளியூர் போய்விட்டதாகப் பாப்பா என்னிடம் சொல்லியிருந்தாள்.

நாம் பேச்சை நிறுத்தியதிலிருந்து இடையில் சேதி சொல்கிறவள் அவள்தானே. உங்களுக்கு ஒரு பொய், எனக்கு ஒரு பொய். நீங்களும் துருவிக் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. இந்தத் தடவை டிக்கெட் மிச்சம் என்றுகூட எனக்குத் தோன்றியது. உங்களுக்கு எப்படியோ.

சாயங்காலம் அவளிடமே கேட்டேன். தட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமல் சொன்னாள். எனக்குத்தான் பன்னெண்டு முடிஞ்சிருச்சேம்மா, இனிமே அரை டிக்கெட் கிடையாது, முழு டிக்கெட்டுன்னா யாரு குடுக்கறதுன்னு மறுபடியும் வக்கீல்கிட்ட போவீங்க, அதான் என்றாள்.

போக உங்கள் செலவு, வர என் செலவு என்று தீர்ப்பில் எழுதியபோது அவளுக்கு ஆறு வயது. போன வருஷம் ரயில் ரத்தாகி, மறுபடி எடுத்த டிக்கெட் யார் தலையில் என்று வக்கீல் நோட்டீஸ் விட்டுக்கொண்டோமே, அதை அவள் படித்திருக்கிறாள். அவளுடைய ரேங்க் கார்டு இருக்கும் டிராயரில்தான் அதையும் போட்டு வைத்திருந்தேன். என் தப்புதான். முதல் நோட்டீஸ் அனுப்பியதும் நான்தான். வெட்கமாக இருக்கிறது.

அடுத்த மாதம் ஐந்தாம் தேதி காலை வண்டியில் வருகிறாள், பத்து நாள் இருப்பாள். போகவும் வரவும் டிக்கெட் எடுத்துவிட்டேன். பணம் அனுப்ப வேண்டாம். இருமல் மருந்து பையின் பக்க ஜிப்பில் இருக்கும், கேட்டாலும் ஐஸ்கிரீம் வாங்கித் தராதீர்கள். கொஞ்சம் வளர்ந்துவிட்டாள், ஸ்டேஷனில் பழைய உயரத்தில் தேடாதீர்கள்.

இன்னொன்று. டிக்கெட் இரண்டையும் நீங்கள்தான் எடுத்து அனுப்பினீர்கள் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். நான் எடுத்தேன் என்றால், அப்பா எடுக்கவில்லை என்றுதான் அவள் நினைப்பாள். அப்பாவேவா, ரெண்டுமா, நீ கேக்காமலேயா என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். பிறகு கைகூடக் கழுவாமல் ஓடிப்போய்ப் பரணில் இருந்த பையை இறக்கினாள். எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.

ஸ்டேஷனில் இறங்கியதும் உங்களுக்குத் தேங்க்ஸ் சொல்வாள். தயவுசெய்து வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
பாப்பாவின் அம்மா