மிளகாய்த்தூள் என்று நினைத்துப் போனேன்

தம்பி,

நீ குசினி மேசையில் இருக்கிறாய். இதை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை, இருப்பதை எழுதுகிறேன். ஒரு மட்டைப்பெட்டி, சுற்றிவர ஒட்டும் நாடா. அந்த நாடாவின் வாசம் எனக்குப் பழக்கம். உனக்கு மிளகாய்த்தூள் அனுப்பும்போதெல்லாம் கையில் ஒட்டிக்கொள்ளும் வாசம்.

முந்தநாள் போனுக்குச் செய்தி வந்தது. பக்கத்துவீட்டு ரீச்சர் வாசித்துச் சொன்னா. வெளிநாட்டுப் பொதியாம், சுங்கத்துக்கு விபரம் பதிந்தால்தான் தருவார்களாம். நீ சாவதற்கு முதல்கிழமை நான் அனுப்பிய தூள், வாங்க ஆளில்லாமல் திரும்பிவிட்டதென்று நினைத்தேன். உன் சாம்பலை உன்னோடு அறையில் இருந்த நண்பர் கையோடு கொண்டுவருவதாகத்தான் சொல்லியிருந்தார். கீரிமலையில் கரைத்து அந்தியேட்டிக் கிரியை செய்ய அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நேற்றுக் கரவெட்டியிலிருந்து பஸ் எடுத்து யாழ்ப்பாணம் போனேன். பொதிக் கந்தோரில் கொம்பியூட்டருக்கு முன்னால் ஒரு பெட்டை இருந்தாள்.

"என்ன சாமான் அம்மா?"

"தம்பிக்கு அனுப்பின தூள் திரும்பி வந்திருக்குப் பிள்ளை. அப்பிடியே பதியுங்கோ."

"தம்பிக்கு உறைப்புக் கூடிப்போச்சோ?" என்று சிரித்தபடி இலக்கத்தை அடித்தாள். பிறகு சிரிக்கவில்லை. திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"அம்மா, உங்கடை தம்பி இருக்கிறாரோ?"

"இல்லை. மோசம் போட்டான்."

"உதிலை அவரின்ரை சாம்பல் எண்டு அனுப்பின ஆக்கள் பதிஞ்சிருக்கினம்."

அவள் சொன்னது காதில் விழுந்தது, உள்ளே போகவில்லை. "இல்லைப் பிள்ளை, அது தூள்" என்று திரும்பத் திரும்பச் சொன்னேனாம். அதையும் பிறகு அவள்தான் எனக்குச் சொன்னாள்.

நண்பருக்குப் போன் எடுத்தோம். "லீவு கிடைக்கேல்லை அக்கா. பிந்திப்போகுமெண்டு அனுப்பிட்டன். சொல்ல வாய் வரேல்லை" என்று அழுதார். அவரோடு கோபிக்கவும் எனக்குத் தெம்பில்லை.

ஆனால் பதியாமல் உன்னைத் தரமாட்டார்களே. என்ன வகைப் பொதியென்று பதிய, திரையில் இருந்ததைப் பிள்ளை மெல்ல மெல்ல வாசித்தாள். வியாபாரமோ, அன்பளிப்போ, சொந்தப் பாவனையோ, இங்கிருந்து போய்த் திரும்பி வந்ததோ.

"கடைசியா வாசிச்சதைப் போடுங்கோ. இஞ்சையிருந்து போனவன்தானே" என்றேன்.

"அதுக்குப் போன பதிவு வேணும் அம்மா. எப்பிடிப் போனவர்?"

என்னத்தைச் சொல்ல? ஏஜென்சிக்காரன் தந்த ஆரோ ஒருவனின் பாஸ்போட்டில் போனாய். படலையடியில் நின்று, "அழாதை அக்கா, பேர் மாறினா ஆள் மாறிப்போவனோ" என்றாய். நான் உனக்கு அனுப்பிய தூள் ஒவ்வொன்றும் அந்தக் கொம்பியூட்டரில் இருக்கிறது, பிள்ளை காட்டினாள். நீ போனது மட்டும் அதில் ஒரு இடத்திலும் இல்லை.

முதல்முறை தூள் அனுப்பப் போனபோதும் அதே கந்தோர் மேசையடியில் எதைப் பதிவதென்று முழித்துக்கொண்டு நின்றேன். நீ போனில் சொல்லித் தந்தாய்: "அன்பளிப்பு எண்டு போடு அக்கா. உன்ரை உறைப்பை ஆர் காசு குடுத்து வாங்குவான்?" அந்தப் பகிடி நேற்று எங்கிருந்தோ ஞாபகத்துக்கு வந்தது.

"அன்பளிப்பெண்டு போடுங்கோ பிள்ளை."

அவள் பதிவை அனுப்பும் விசையில் விரலை வைத்துக்கொண்டு, "அனுப்பட்டோ அம்மா?" என்று இரண்டுதரம் கேட்டாள். மேலதிகாரியிடமும் கேட்டுவிட்டுத்தான் அனுப்பினாள்.

பஸ்ஸில் கொண்டக்டர் பெட்டியை மேல்தட்டில் வைக்கச் சொன்னார். நான் மடியை விட்டு எடுக்கவில்லை.

இன்றைக்கு நண்பர் மறுபடி எடுத்தார். என் தூள் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டதாம். "என்ன செய்ய அக்கா?" என்றார். "சமைச்சுச் சாப்பிடுங்கோ, பழுதாக்காதேங்கோ" என்றேன். அது போக, நீ வர, வழியில் எங்கேயோ இரண்டு பேரும் ஒருவரையொருவர் விலத்தியிருப்பீர்கள்.

எனக்கு இங்கிலீசு தெரியாதென்று நீ ஒரு அடையாளம் சொல்லித் தந்தாயே, செய்தியின் கடைசிச் சொல் 'டி' எழுத்தில் தொடங்கினால் சாமான் உரிய ஆளிடம் சேர்ந்துவிட்டதென்று. அப்படி இரண்டு செய்தி இப்போது என் போனில் ஒன்றின்கீழ் ஒன்றாகக் கிடக்கிறது. ஒன்று உனக்குச் சேர்ந்தது, மற்றது எனக்கு.

நாளைக்கு உன்னைக் கீரிமலைக் கடலில் விடுகிறோம். அந்த இரண்டு செய்தியையும் நான் அழிக்கமாட்டேன்.