முகூர்த்த நாளுக்கு வைத்த பாயிண்ட்

ஜூலை 18, சனி

காலையிலிருந்து ஒரே காற்று. மாடியில் காயப்போட்ட லுங்கி பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டது. அவர்கள் வீட்டு ஜாக்கெட் இங்கே.

நேற்று ஆடி பிறந்தது. அதற்கு முந்தின நாளே மாமியார் வந்து ராஜியை மேலநீலிதநல்லூருக்கு அழைத்துப் போய்விட்டார். கல்யாணமாகி ஒரு மாதம்தான். புதுப்பெண் ஆடியில் தாய்வீட்டில்தான் இருக்க வேண்டுமாம். இல்லாவிட்டால் சித்திரை வெயிலில் பிள்ளை பிறக்கும், குடும்பத்துக்கு ஆகாது. பஸ்ஸில் அரை மணி நேரம். இருந்தும் போகக் கூடாது.

அவள் செல் சார்ஜர் இங்கேயே கிடக்கிறது. கொடுத்துவிட்டு வருகிறேன் என்று சட்டையை மாட்டினேன்.

"அங்கன கடையில சார்ஜர் விக்கலியாக்கும்?" என்றாள் அம்மா. அண்ணி அடுப்பங்கரையில் சிரித்தாள். சட்டையைக் கழற்றிவிட்டேன்.

ஜூலை 20, திங்கள்

கடையில் ஈ ஓட்டல். ஆடித் தள்ளுபடிக்கு எல்லாரும் பழைய சரக்கைத் தள்ளுகிறார்கள், புதுச் சேலைக்கு ஆர்டர் கிடையாது. எனக்கும் ஊர் ஊராய் ஆர்டர் பிடிக்க லைனுக்குப் போகும் வேலை இல்லை. முதலாளி அண்ணாச்சி விசிறி மட்டையால் முதுகைச் சொறிந்துகொண்டு, "என்னவே, முகம் வாடிப்போய்க் கெடக்கு?" என்றார். சூடு என்றேன்.

மத்தியானம் ஹோட்டல்காரர்களின் மெயில். என் பாயிண்ட் எல்லாம் இந்த மாதக் கடைசியோடு காலி. 

மதுரை, திருச்சி, சேலம், கோவை. எங்கே போனாலும் அதே கம்பெனி ஹோட்டலில் தங்கித் தங்கிச் சேர்த்தது. வாடகை அண்ணாச்சி பணம், பாயிண்ட் மட்டும் எனக்கு; போதுமான அளவு சேர்ந்தால் இலவச ரூம். இதில் நான் பட்டுத் தெரிந்துகொண்டவை:

நேராக அவர்கள் ஆப்பில்தான் ரூம் போட வேண்டும். நடுவில் வேறு ஆப் நுழைந்தால் பாயிண்ட் இல்லை.

துண்டு, விரிப்பு தினமும் மாற்ற வேண்டாம் என்று சொன்னால் கொசுறு பாயிண்ட்.

இலவச ரூமைச் சும்மா நாளில் எடுப்பவன் மடையன். முகூர்த்த நாளில் வாடகை எகிறும், பாயிண்ட் அதே பாயிண்ட். அன்றைக்கு எடுத்தால்தான் லாபம்.

இந்தக் கடைசிப் புத்திசாலித்தனம்தான் என்னைக் கவிழ்த்தது. ஆனியில் ராஜியே கேட்டாள், "அந்த ஓசி ரூமுக்கு ஒரு நாள் போவமா?" எங்கள் வீட்டில் அண்ணன் குடும்பம், அம்மா, எல்லாரும். எங்களுக்கும் அவர்களுக்கும் நடுவில் ஒரு பீரோதான் மறைப்பு. ஒரு மாதமும் கிசுகிசு என்றே பேசினோம். அவள் உரக்கச் சிரித்து நான் கேட்டதே இல்லை. அப்படிப்பட்டவள் கேட்டாள். நான் என்ன சொன்னேன்? ஆவணி முதல் முகூர்த்தத்தில் போகலாம், இரண்டு மடங்கு லாபம் என்றேன்.

தமிழ் மாதத்தை வைத்துக் கணக்குப் போட்டேன். அவர்கள் இங்கிலீஷ் மாதத்தில் வெட்டிவிட்டார்கள்.

ஜூலை 23

கஸ்டமர் கேருக்கு போன். பாட்டுப் பாட்டாய்ப் போட்டார்கள். கடைசியில் ஒரு பெண்.

"ஆவணி வரைக்கும் தள்ளிப் போடுங்கம்மா. இப்போ ஆடி, சம்சாரம் ஊர்ல இல்ல."

"சாரி சார், ஆடியெல்லாம் எங்க சிஸ்டத்துல வராது."

வேறு யாருக்காவது ரூமைக் கொடுக்கலாமாம். ஆனால் பாயிண்ட் கார்டுக்காரன், அதாவது நான், நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டுமாம்.

ராஜி குரல் நாளுக்கு நாள் தூரமாகிக்கொண்டே போகிறது. அங்கே கூடத்தில் எல்லார் முன்னாலும் நின்றுதான் பேசுகிறாள். "ம்." "சாப்ட்டேன்." "ம்." இதற்கு எதற்கு சார்ஜர்.

ஜூலை 28, செவ்வாய்

எங்கள் ஊர்க் கோயிலில் ஆடித்தபசு. ஊர் கொள்ளாத கூட்டம். வீட்டில் சொந்தக்காரர்கள் தலைமாடு கால்மாடாகக் கிடக்கிறார்கள்.

ராஜி வந்திருந்தாள். மாம்பழ நிறச் சேலை, நான் எடுத்துக் கொடுத்தது. ரத வீதியில் அரை மணி நேரம் பக்கத்தில் நின்றோம். பக்கத்தில் என்றால், நடுவில் மாமியார். அம்பாள் தவமிருந்து சாமியைப் பார்த்துவிட்டாள். எனக்கு முழுசாக முகத்தைப் பார்க்கக்கூடக் கொடுத்துவைக்கவில்லை. அழுகை வந்தது, உண்மையைச் சொன்னால்.

மாமனாருக்கு வியாழக்கிழமை மதுரையில் கண் ஆபரேஷனாம். "துணைக்கு நானும் இவளும் போறோம். தங்குததுக்கு லாட்ஜு எங்கன நல்லா இருக்கும் மாப்பிள?" என்றார் மாமியார்.

சொல்லிவிட்டேன். இரண்டு நாள், இலவசம், நான் கையெழுத்துப் போட மட்டும் வந்துவிட்டுத் திரும்பிவிடுகிறேன் என்று. மாமியார் யோசித்தார். "போட்டுட்டு உடனே திரும்பிருவீயள்லா?" ராஜி சப்பரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜூலை 30, வியாழன்

மதுரை. வெக்கை.

ரிசப்ஷனில் "வெல்கம் பேக் சார்" என்று ஜூஸ் கொடுத்தார்கள். மாமியார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உங்கள இங்கன எல்லாரும் தெரிஞ்சு வச்சிருக்காகளே!" ராஜிக்கு மட்டும் பெருமை. லிஃப்டில் அவள் கை என் கை மேல் பட்டது. தெரியாமல் பட்டதா, கேட்க முடியவில்லை.

ரூமைத் திறந்து ஏசி போட்டுக் காட்டினேன். ராஜி ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள், "நாம வந்திருக்கலாம்." அவ்வளவுதான். பையை வைத்துவிட்டு எல்லாரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. நான் பஸ் ஏறினேன்.

ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டியதும் மாமியார் போன்.

"மாப்பிள, எங்கன இருக்கீய? உங்க மாமா கண்ணக் கட்டுனதுல பயந்துபோய்க் கெடக்காக. என் கைய விட மாட்டேங்காக. நான் இங்கனயே படுத்துக்கிடுதேன். ஆனா லாட்ஜுல வயசுப்பிள்ளய ஒத்தையில எப்படி விட? ஆஸ்பத்திரில ஒரு ஆளுக்கு மேல விட மாட்டானாம்."

நான் மேலே வைத்திருந்த பையை எடுத்துக்கொண்டேன். 

"நீங்க திரும்பி வாரீயளா?"

"வாரேன் அத்தை."

 பிறகு, "அந்த ரூம்ல கட்டில் ரெண்டும் தனித்தனியாத்தான கெடக்கு?"

"ஆமா அத்தை. நடுவுல மேசை ஒண்ணு கெடக்கு."

"அப்பச் சரி. ஆளுக்கொண்ணுல படுத்துக்கிடுங்க. ஊருல யார்ட்டயும் மூச்சு விட்ராதீய."

ராஜபாளையத்தில் இறங்கிவிட்டேன். பஸ் ஸ்டாப் பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். தபசுக்கு வந்த கூட்டம் இன்னும் வடியவில்லை, வந்த இரண்டு மதுரை பஸ்ஸும் படி வரை ஆள், நிற்காமல் போய்விட்டன.

இப்போது ராஜியிடமிருந்து மெசேஜ்.

"அம்மா சொல்லிட்டா. மேசைய நகட்டிட்டேன்."

மூன்றாவது பஸ்ஸும் நிற்கவில்லை.