எங்கள் அடுக்களைக்குக் கீழே நாலாம் குழி இல்லை

அன்பு மகள் குருவிக்கு,

இங்கே நானும் உன் சித்தியும் எங்கள் காலடியில் இருக்கும் தரையும், மூவரும் சுகம். அங்கே நீயும் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கிச் சுகமாக இருக்கிறாய் என்றே நம்புகிறேன். முதலில் நல்ல சேதியைச் சொல்லிவிடுகிறேன், வீடு தப்பித்தது. இனி யாரும் எங்களைக் கிளப்ப முடியாது. ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு மேலே படி. உன்னுடைய ஆராய்ச்சியால்தான் வளர்த்தவர்கள் தெருவுக்கு வரப்போகிறார்கள், புத்தகத்தையே நிறுத்திவிடுகிறேன் என்று போன கடிதத்தில் எழுதியிருந்தாய். அடி பைத்தியமே, வினை உன்னால் வரவில்லை, இந்தச் சித்தப்பாவின் வாயால் வந்தது.

இந்தச் சுரங்க ஊரின் பழைய குடும்பங்களின் கதையை வீடு வீடாகக் கேட்டு அனுப்பச் சொன்னாய் அல்லவா, நான் சும்மா போவேனா, சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு மூவுலகையும் வென்ற சக்கரவர்த்தி போலத்தான் ஒவ்வொரு வீட்டிலும் நுழைந்தேன். கேட்ட வீட்டிலெல்லாம் நம் தெரு நாலாம் குழிக்கு மேலே இருக்கிறது என்று ஒரே குரலில் சொன்னார்கள். சுரங்கத்தை மூடியபோது மற்றக் குழிகளை மணல் கொட்டி நிரப்பியவர்கள், நாலாவதை மட்டும் வாயில் பலகை போட்டு மூடிவிட்டுப் போய்விட்டார்கள். இது சுரங்க அலுவலகத்தின் பழைய பதிவேட்டில் இருக்கிறது, ஆனால் வரைபடத்தைக் கரையான் தின்றுவிட்டதால் எந்தக் குழி எந்த இடத்தில் என்பதுதான் தெரியாது. நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அந்த அலுவலகத்துக்கே போய், நாலாம் குழி எங்கே என்று நான் சொல்கிறேன் கேளுங்கள் என்று முழங்கிவிட்டு வந்தேன். மறுநாள் நம் கதவில் நோட்டீஸ், மாதக் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டுமாம். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அந்தக் கலையில் எனக்கு ஒரு பட்டமே கொடுக்கலாம்.

அன்றிலிருந்து உன் சித்தி அடுக்களையில் பூனை மாதிரி நடந்தாள், மிக்ஸியைப் போடவில்லை, பாத்திரங்களைச் சாக்கில் கட்டினாள். நான் ஆறுதல் சொல்லப் போனால், "நீங்க மொதல்ல வெளிய போய் நில்லுங்க, உங்க கனத்துக்கே பூமி உள்ள போயிடும்" என்றாள். சிரிப்பாகத்தான் சொன்னாள், ஆனால் நீ நடை பழகிய கூடத்தில் சுவரைத் தடவிக்கொண்டு நின்றதை நான் பார்த்தேன்.

அப்புறம்தான் மிச்சமிருந்த ஒரே வீடு என்று தையல்கார அம்மாவிடம் போனேன். சும்மா இருக்க முடியாமல் குழிகளை வரிசையாகச் சொல்லம்மா என்றேன். "ஸ்டேஷன் பக்கம் ஒண்ணு, சந்தை கிட்ட அது, தண்ணி டேங்குக்குக் கீழ ரெண்டு, மைதானத்துல மூணு, உங்க தெருவுல நாலு" என்றாள். அது என்றால் எது என்று கேட்டேன். "அதை நாங்க எண்ணுறதில்லண்ணே. எங்க தாத்தாவும் கூட இறங்கினவங்களும் அதுலேருந்து மேல வரவே இல்ல. குழி வேலைக்காரங்க வீட்டுல யாரும் அதுக்கு நம்பர் சொல்ல மாட்டோம்" என்றாள். எனக்குத் தலையில் இடி இறங்கியது, நல்ல இடி. அலுவலகம் ஐந்து என்று எண்ணியது, ஊர் நாலு என்று எண்ணியது. நம் தெருவில் இருப்பது அவர்கள் கணக்கில் ஐந்தாம் குழி, மணல் நிரப்பியது; அவர்களுடைய நாலாவது மைதானத்தில் இருப்பது.

ஓடினேன். நான் ஓடிய வேகத்தில் தெருநாய்கள் எழுந்து நின்று வழிவிட்டன. அலுவலகத்தின் இன்ஜினியர் பெண் பொறுமையாகக் கேட்டாள், "சார், இந்தத் தடவை துளை போட்டுப் பாத்துட்டே நம்பறேன்" என்றாள், நியாயம்தானே. கொல்லையில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் இயந்திரத்தை நிறுத்தித் துளை போட்டார்கள். உன் சித்தி கண்ணை மூடிக்கொண்டாள். மணல் வந்தது குருவி, மேலும் மேலும் மணல், கடலையே கொல்லையில் கொட்டியது போல. பிழைப்பில் மண் விழுந்தது என்று அழுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், மண்ணை மடியில் அள்ளிக்கொண்டு சிரித்தவளை அன்றுதான் பார்த்தேன். மைதானத்தில் போட்ட துளையில்தான் கம்பி வெறும் காற்றுக்குள் இறங்கியது. அங்கே வேலி போட்டாயிற்று, பந்து விளையாடுகிறவர்கள் இப்போது என்னை வில்லனைப் போலப் பார்க்கிறார்கள், பார்க்கட்டும், உயிரோடு இருந்து பார்க்கட்டும்.

நோட்டீஸைக் கிழித்த அன்று தையல்கார அம்மா கழுத்தில் அளவு டேப்போடு வந்தாள். "எண்ணாம விட்டதால உங்களுக்கு இவ்வளவு கஷ்டம். பாப்பாவோட புத்தகத்துல அதையும் ரெண்டாவதுன்னு எண்ணிடச் சொல்லுங்க. உள்ள போனவங்க பேரெல்லாம் எங்கம்மா சொல்லித் தந்திருக்காங்க, நான் சொல்றேன்" என்றாள். இத்தனை வருஷம் அந்த வீட்டில் வெளியாளிடம் சொல்லாத பெயர்கள். நான் பேனாவை எடுத்தேன். "உங்ககிட்ட இல்லண்ணே, நீங்க எங்க தாத்தாவ புலியோட சண்டை போட வெச்சிடுவீங்க, பாப்பாகிட்டதான் சொல்வேன்" என்று சொல்லிவிட்டாள்.

ஆகவே புத்தகத்தை நிறுத்தும் பேச்சை இத்தோடு விடு. உன் கை எழுதுவதெல்லாம் நிலைக்கட்டும், நீ நூறாண்டு வாழ வேண்டும், குளிருக்குக் காதை மூடிக்கொள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் கடையை அடைப்பாள், மறக்காமல் கூப்பிடு. போனை நான்தான் பிடித்துக்கொண்டிருப்பேன். அவள் கடைசிப் பெயரைச் சொல்லி முடிக்கும்வரை வாயைத் திறக்க மாட்டேன், இது சத்தியம்.

இப்படிக்கு,
பாதாளம் வரை புகழ் பரவிய
உன் சித்தப்பா