சபையில் ஒற்றைக் கை

என் அக்கா பெற்ற அறிவுச்சுடரே,

கட்சிக்கு ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்தால் இந்தத் தேர்தலிலும் எனக்குத் தொகுதி கிடைக்கும் என்று புத்தி சொல்லியிருக்கிறாய். நன்றி. எழுத மாட்டேன்.

சிராங்கூன் சாலைத் தெருக்கடைகளை அகற்றும் மசோதாவுக்கு, கட்சி தந்த ஆங்கில உரையை வாசித்துக் கையைத் தூக்கியிருக்க வேண்டும். நானோ தாளை மடித்து வைத்துவிட்டுத் தமிழில் முழங்கினேன். "சபாநாயகர் அவர்களே, பூக்கடை சந்திரமதியை விரட்டினா மாலை இருக்காது, கல்யாணம் நின்னுடும், பிள்ளை பிறக்காது, இருபது வருஷத்துல நமக்கு ஓட்டுப் போட ஆளே இருக்காது!" மொழிபெயர்ப்பாளர் வியர்க்க வியர்க்க அதை ஆங்கிலத்தில் சொன்னதும், சிங்கப்பூர் நாடாளுமன்றம் சிரித்த சிரிப்பில், மலேசியாவுக்குப் போகும் ஜொகூர் பாலமே ஆடியது.

ஆனால் எதிர்த்து எழுந்த கை என்னுடையது மட்டும்தான். மறுநாளே எனக்குத் தனி பெஞ்சு. சக்கரவர்த்திகள் யாருடனும் ஒட்டி உட்காருவதில்லை. தினமும் நம் வீட்டில் காப்பி குடித்த நண்பர்களுக்கு இப்போது காப்பி ஆகாதாம், வைத்தியர் சொல்லியிருப்பார்.

பூக்கடையும் போய்விட்டது. நேற்று சந்திரமதி வந்து, "எனக்காகப் பேசினது தப்புன்னு எழுதிக் கொடுக்கப் போறீங்களாண்ணே?" என்று கேட்டாள்.

வெள்ளிக்கிழமை சுயேச்சையாக மனுத் தாக்கல் செய்கிறேன். முன்மொழிபவள் சந்திரமதி. வழிமொழிய இன்னொரு வாக்காளர் வேண்டும்; உன் வீடு என் தொகுதியில்தான் இருக்கிறது. கட்சிக் கார் வராது, பஸ்ஸில்தான் போகிறோம். ஆனாலும் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வா.

தனக்குத் தானே தலைவனும் தொண்டனுமாகிய,
உன் தாய்மாமன்