தேனீ வராத முட்டி

பங்குனி 4

பெற்றோலுக்கு வரிசையில் படுத்துக் கிடந்த வருசம் கழிந்து இது மூன்றாவது பங்குனி. விடிய பனி, பத்து மணிக்கு மேல் வெயில் சுடுகிறது. எழுத்து, அகதி முகாமில் இருந்தபோது பழகியது, மெதுவாகத்தான் வரும்.

வேம்பு பூத்துவிட்டது. எனக்கு மூன்று கொப்பில்தான் பூ. பக்கத்து வளவில் பெருமாளின் வேம்பு உச்சியிலிருந்து அடிவரை வெள்ளை. இரண்டும் ஒரே நாளில் நட்ட கன்றுகள். அன்றும் நான் நட்டது அவனுக்கு முந்தி.

என் வேம்பில் தேனுக்கு மண்முட்டி கட்டினேன். புது முட்டி, வாய் சின்னது. உள்ளே மெழுகு தேய்த்துக் கவிழ்த்துக் கட்டினது. ஆறு வருசமாகக் கட்டுகிறேன். தேனீக் கூட்டம் அவனுடைய முட்டிக்குத்தான் போகிறது.

பங்குனி 7

ஆறுமணிக்குருவியின் சத்தம் இல்லை. வந்த நாட்டுக்குத் திரும்பிவிட்டது போல. குயில் தொடங்கிவிட்டது. முருங்கைப் பூவைக் குரங்கு தின்றது. என்னுடையதை மட்டும்.

முட்டிக்கு நாலு தேனீ. இடம் பார்க்க வந்தவை. வாயைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தன. மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். எழும்பி நேரே பெருமாளின் முட்டிக்கு.

வேலிக்கு அப்பால் அவன்: "என்னா மச்சான், எங்க வீட்டுப் புள்ளைங்கள ஏன் மறிச்சு வச்சிருக்க?"

முற்றத்தில் நின்ற என் மருமகள் சிரித்தாள். அதுவும் பிடிக்கவில்லை.

பங்குனி 9

பெருமாள் கிளினிக்குக்கு, முதல் பஸ்ஸில் கிளிநொச்சி. அவன் வளவில் ஆள் இல்லை.

அவனுடைய பழைய முட்டிதான் காரணம். தேன் ஊறி ஊறிக் கறுத்தது. அதை அவிழ்த்து என் வேம்பில் கட்டினேன். என்னுடையதற்குப் பழசு மாதிரித் தெரியக் கரி பூசி அவனுடைய வேம்பில். ஏணியும் அவனுடையதுதான்.

பங்குனி 12

மதியத்துக்குக் கொஞ்சம் முந்தி இரைச்சல். கூரைக்கு மேலால் புகைமாதிரிக் கூட்டம். என் வேம்பை இரண்டு தரம் சுற்றியது. இறங்கவில்லை. வேலியைத் தாண்டி அவனுடைய மரம், நான் கரி பூசிய முட்டி. அரை மணித்தியாலத்தில் எல்லாம் உள்ளே.

மருமகள் மோர் தந்தாள். குடிக்காமல் வைத்துவிட்டேன்.

பங்குனி 13

வெயில். கொன்றையில் முதல் பூ.

பெருமாள் வேலியடிக்கு வந்தான். "ஒன் முட்டிக்குத்தான் வந்திருக்கு மச்சான். மரம் என்னோடது. தேன் பாதிப் பாதி."

"என் முட்டி எண்டு ஆர் சொன்னது?"

"தொட்டேன், கையெல்லாம் கரி. இருவது வருசமா கட்டுன முட்டி எனக்குத் தெரியாதா?"

ஏசியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும். பாதி தருகிறானாம். அதிலும் அவன்தான் மேலே.

அவன் தேன் இந்த வீட்டுக்குள் வரக்கூடாது என்று மருமகளிடம் சொன்னேன்.

"சும்மா இருங்கோ மாமா. அவரோடயும் கோவிச்சால் பிறகு ஆரோட கதைப்பியள்?"

மலைத் தோட்டத்திலிருந்து எங்களை அடித்துக் கலைத்த வருசம் ஒரே லொறியில் இங்கே வந்த ஆம்பிளைகள் ஒன்பது பேர். பின்னேரம் விரலில் எண்ணினேன். செல்லையா, பாம்பு கடித்து. சுப்பன், காய்ச்சல். ராமு இந்தியாவுக்குப் போய் அங்கேயே. காளிமுத்துவும் தம்பியும் கடைசிச் சண்டையில். மாரிமுத்து, சீனி வருத்தம். போன ஆவணியில் சடையன்.

என்னைத் தவிர உயிரோடு இருப்பது பெருமாள்.