செருப்போடு வா என்றார்

நரிக்குடி அருகே,
செப்டம்பர் 1996.

அன்புள்ள மச்சானுக்குச் சவுந்தரம் எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நானும் ரூபனும் சுகம். பம்பாயில் நல்ல மழையாமே, உங்கள் இருமல் தேவலையா? இங்கே ஒரு சொட்டு இல்லை. புழுதியில் விதைத்த குதிரைவாலி அப்படியே கிடக்கிறது.

நம் ஊர்ப் பஞ்சாயத்துத் தலைவர் பதவியை இந்தத் தடவை நம் தெரு ஜனத்துக்கென்று அரசாங்கம் ஒதுக்கிவிட்டது. உடனே மேலத்தெரு வீரபத்திரன் எனக்கு ஆள் அனுப்பினார். அவர் தெருமுனையில் வழக்கம்போல் செருப்பைக் கையில் எடுத்தேன். "கழட்ட வேணாம் தாயி, போட்டுக்கிட்டே வா" என்றார். நாற்காலி போட்டார்கள். நீதான் தலைவருக்கு நிற்க வேண்டும், செலவு முழுக்க என்னுடையது என்றார். போன வருஷம் இதே தெருவில் செருப்போடு நடந்தான் என்று உங்கள் தம்பி ஜாபேஸை அடித்தவர் இவர்தானே?

நம் தெருவில் எல்லோருக்கும் சந்தோஷம். எனக்குத்தான் உறக்கமில்லை. ஓட்டைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. ஞானஸ்நானம் எந்தச் சபையில் எடுத்தாய் என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டார். அப்போதுதான் ரூபனை ஹாஸ்டலில் சேர்க்கப் போனது ஞாபகம் வந்தது. ஞானஸ்நானம் எடுத்த வேதக்காரர்கள் ஆதிதிராவிடர் பட்டியலில் வரமாட்டார்கள் என்று திருச்சுழியில் நம்மைத் திருப்பி அனுப்பினார்களே, அதே காரணம். என் மனுவைத் தள்ளிவிடுவார்கள். வேறு யாரும் மனுப் போட அதற்குள் நாள் முடிந்திருக்கும். வேதத்தில் சேராத அவர் தோட்டத்து ஆள் காத்தமுத்து மட்டும் மனுப் போட்டிருப்பான், போட்டியில்லாமல் ஜெயிப்பான். டீக்கடையில் நமக்குத் தனி கிளாஸ் வைக்கும்போது எந்தச் சபை என்று ஒருத்தரும் கேட்டதில்லை மச்சான். நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

நான் ஒன்றும் தெரியாதவள்போல் மனுக் கொடுத்தேன். கடைசி நாள் சாயங்காலம், சந்தைக்குப் போகிற மாதிரி என் தங்கை அழகுத்தாயை அனுப்பி அவளையும் மனுப் போட வைத்தேன். அவள் இன்னும் ஞானஸ்நானம் எடுக்கவில்லை என்று எத்தனை தடவை குறைப்பட்டிருப்பீர்கள்! இந்த ஒரு தடவை அதை மறந்துவிடுங்கள்.

நேற்றுப் பரிசீலனை. என் மனுவைத் தள்ளியபோது வீரபத்திரன் மீசையைத் தடவிக்கொண்டு நின்றார். அடுத்து அழகுத்தாய் மனுச் செல்லும் என்று வாசித்தார்கள். கை மீசையிலேயே நின்றுவிட்டது. என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அவர் சத்தம் போட்டிருந்தால்கூடப் பயந்திருக்க மாட்டேன். இன்று காலை அழகுத்தாய் வீட்டுக்கு ஒரு சீப்புப் பழம் கொடுத்து அனுப்பியிருக்கிறார். ஆட்டுக்குக்கூடப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நம் தெரு விளக்கு மட்டும் நேற்றிலிருந்து எரியவில்லை. தெருமுனையில் ஒரு லாரி நிற்கிறது, யாருடையது என்று தெரியவில்லை. மனுவை வாபஸ் வாங்க இன்னும் நாள் இருக்கிறது. ராத்திரிக்கு அவளை என் வீட்டிலேயே படுக்கச் சொல்லியிருக்கிறேன்.

ஓட்டுப் போட வந்துவிடுங்கள். தாராவியில் இருக்கிற நம் ஆட்கள் எல்லோரையும் கூட்டி வாருங்கள், தனியாக வராதீர்கள். அருப்புக்கோட்டையில் இருட்டிய பிறகு பஸ் ஏற வேண்டாம்.

பஞ்சாயத்து ஆபீஸ் மேலத்தெருக் கோடியில்தானே இருக்கிறது. வரும்போது அழகுத்தாய்க்கு நல்ல கெட்டியான செருப்பு ஒரு ஜோடி வாங்கி வாருங்கள். அவளுக்கும் என் அளவுதான்.

உங்கள் வரவுக்காக ஜெபிக்கும்,
சவுந்தரம்