வராந்தாவில் பேசாதீர்கள்

பயிற்சிக்கென்று இன்று காலை ஆஸ்பத்திரியில் ஒரு ரப்பர் பட்டையைக் கொடுத்தார்கள். பாதத்தில் மாட்டி இழுக்க வேண்டுமாம். முகத்தருகே கொண்டுபோனேன், அசல் சைக்கிள் ட்யூப் வாசனை. உடனே நீ என் நினைவில் வந்து நின்றுவிட்டாய்.

என்னைவிட மூத்தவள் நீ. ஆனால் 'அக்கா' என்றால், "என்னைக் கிழவியாக்காதேடி" என்று சண்டைக்கு வருவாய். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளில், இங்கே சிங்கப்பூரில், சிராங்கூன் ரோட்டுப் பக்கம் ஒரு மசாலா மில்லில் இருவரும் மிளகாய் வறுத்தோம். தும்மிக்கொண்டே ஊர்க்கதை பேசினோம். எப்போதோ லாரி இடித்த உன் இடுப்பு வருஷத்துக்கு வருஷம் மோசமாகி, ஒருநாள் நிற்கவே முடியாமல் உட்கார்ந்து அழுதாய்.

தேய்ந்த இடுப்பு மூட்டுக்குப் பதிலாக உலோகத்தில் ஒன்று வைப்பது அப்போது இங்கே புதுசு. டாக்டர் உன் வீட்டுக்காரரை மட்டும் வராந்தாவுக்குக் கூட்டிப்போய்ப் பேசினார். நானும் உன் கட்டிலருகே இருந்தேன். திரும்பி வந்தவர், "ஒண்ணும் இல்ல லா, பயப்படாதே" என்றார்.

ஆபரேஷனுக்குப் பிறகு உன் வலது பாதம் எழவே இல்லை. துவண்டு தொங்கியது. டாக்டர் ஆங்கிலத்தில் சொன்னதை மிஸ்ஸி, அதான் நர்ஸ், தமிழில் சொன்னாள்: "மூட்டுக்குப் பின்னாடி பெரிய நரம்பு ஒண்ணு போகுது. அது இழுபட்டா இப்படி ஆகலாம். உங்க வீட்டுக்காரர்கிட்ட முன்னாடியே சொன்னோமே."

நீ அழுவாய் என்று நினைத்தேன்.

"ஏங்க, கால் யாரோடது?" என்றாய்.

"நீ பயந்துடுவேன்னுதான்..."

"பயந்திருப்பேன். அப்புறம் சரின்னு சொல்லியிருப்பேன். அதைச் சொல்ல எனக்கு வாய் இல்லையா?"

அவர் கெட்டவர் இல்லை. அந்தக் காலத்தில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். படுத்திருப்பவளைத் தவிர எல்லாருக்கும் விஷயம் தெரியும். அதற்குப் பெயர் அன்பாம்! எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது.

சைக்கிள் ட்யூபைக் கீறி, முழங்காலிலிருந்து செருப்பின் நுனிக்கு இழுத்துக் கட்டிக்கொண்டு மில்லுக்கு வந்தாய். முதலாளி, "வீட்டுல இரும்மா" என்றார். "தொங்குறது கால், முதலாளி. வறுக்கிறது கை" என்று சட்டியைப் பிடுங்கினாய். பாதம் பிறகு கொஞ்சம் எழுந்தது, முழுதாக இல்லை. "இடுப்பு வலி போயிடுச்சு, அதையும் சொல்லணும்ல" என்பாய். நீ எதையும் மறைக்கிறவள் இல்லை.

நாளை எனக்கும் அதே ஆபரேஷன். தமிழ்ப் பெண்தான் டாக்டர். அவள் பேசத் தொடங்கியதும் ஈசூன் பேட்டையிலிருந்து என்னைப் பார்க்க வந்திருந்த என் மகன் எழுந்தான். "டாக்டர், நாம வெளியில பேசலாம். அம்மா டென்ஷன் ஆயிடுவாங்க."

"உட்காருடா" என்றேன். "டாக்டர், இங்கேயே சொல்லுங்க. என்கிட்ட."

சொன்னாள். நரம்பு, இழுபடுவது, தொங்கும் பாதம், எப்போதாவதுதான் நடக்கும் என்பது, நடந்தால் முழுதாகச் சரியாகாமலும் போகலாம் என்பது, எல்லாமே. பயமாகத்தான் இருந்தது.

"சரி, செய்யுங்க" என்றேன். உன்னிடம் யாரும் கேட்காத அந்தச் 'சரி'யையும் சேர்த்துத்தான் சொன்னேன்.